பாடத்துக்குப் படம் வரையும் பிள்ளைகள்

பல்கலைக்கழகப் பாடம் என்றதும் எமது மனதில் எழும் காட்சி ஒன்றுதான். பெரிய மண்டபம், கரும்பலகை, முன்னால் நின்று பேசும் விரிவுரையாளர், குனிந்து குறிப்பெடுக்கும் மாணவர்கள். அந்த மண்டபத்துக்கு வரமுடியாதவர்களுக்கும் இன்று பல்கலைக்கழகக் கல்வி உண்டு. அச்சிட்ட பாடநூலாகவும், கைத்தொலைபேசியில் பார்க்கும் காணொளியாகவும், காதால் கேட்கும் ஒலிப்பதிவாகவும் அது வீடு தேடி வருகின்றது. ஆனால் அப்படி வரும் பாடத்தோடு ஆசிரியர் வருவதில்லை. விளங்காத இடத்தில் உடனே கையை உயர்த்திக் கேட்க முடியாது. அந்த இடத்தில் ஆசிரியரின் விரலாக நின்று “இதைப் பார்” என்று காட்டுவது படம்தான்.

அந்தப் படத்தை வரைபவர் யார்? இக்கேள்வியை நாம் கேட்பதில்லை. உலகில் பல பல்கலைக்கழகங்களில் அதைச் செய்பவர்கள் மாணவர்களே. வடிவமைப்புக் கற்கும் மாணவர்கள், விரிவுரையாளர்களோடு அமர்ந்து பிற துறைப் பாடங்களுக்குப் படமும் அசைபடமும் காணொளியும் தயாரிக்கின்றார்கள். அது அவர்களுக்குப் பயிற்சியாகவும் அமைகின்றது; பகுதிநேர ஊதியமாகவும் அமைகின்றது. போரில் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் எழுந்து நிற்கும் எமது பெண்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு.

படம் கீறி ஆர் சோறு தாறது?

குறிகட்டுவான் இறங்குதுறையை அறியாத தீவகப் பெண் இருக்கமாட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, புங்குடுதீவில் வீதி முடிந்து கடல் தொடங்கும் இடம் அது. இங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணித்தியாலப் பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். காற்றும் அலையும் மிஞ்சினால் அதுவும் இல்லை. பணி நிமித்தம் மாதத்தில் சில நாட்கள் நான் இங்கே வந்து போகின்றேன். பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் சேமிப்புக் குழுக்களைச் சந்திப்பதும், படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பதும் என் வேலை.

நெடுந்தீவைச் சேர்ந்த தாய் ஒருவர். கணவர் உயிருடன் இல்லை. மூத்த மகன் போரின் இறுதிக் காலத்தில் காணாமற்போனவன். பனையோலைப் பெட்டி இழைத்தும், கருவாடு போட்டும் இளைய மகளைக் க.பொ.த. உயர்தரம் வரை படிப்பித்துவிட்டார். மகள் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தவள். பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம்.

“படம் கீறி ஆர் சோறு தாறது, மிஸ்? ரீச்சர் வேலைக்குப் படி எண்டு சொல்லுறன். கேக்கிறாள் இல்லை” என்றார் தாய்.

மகள் பதில் பேசவில்லை. அருகில் இருந்த அவளின் சித்திதான் தன் பையிலிருந்து கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். சித்தி முன்பள்ளி ஆசிரியை. தொலைக்கல்வி முறையில் பாடநெறி ஒன்றைத் தொடர்கின்றார். குழந்தை தவழ்ந்து, பிடித்து நின்று, நடக்கும் படிநிலைகள் பற்றிய பாடம் அது. “மூண்டு தரம் வாசிச்சும் எனக்கு விளங்கேல்லை. பிறகு இவள் இதைக் கீறித் தந்தவள்” என்றார்.

கொப்பியில் ஒரு குழந்தை. ஓலைப் பாயில் குப்புறக் கிடக்கின்றது. அடுத்த படத்தில் தவழ்கின்றது. அதற்கடுத்ததில் நீர்க்குடம் வைக்கும் கட்டைப் பிடித்து எழுகின்றது. இறுதியில் வாசற்படி தாண்டுகின்றது. ஒவ்வொரு படத்திலும் உடலின் எந்தப் பகுதி வலுப்பெறுகின்றது என்று மெல்லிய நிழல் தீட்டியிருந்தாள். அந்தப் பெண் அறியாமலே செய்திருப்பது, பல பல்கலைக்கழகங்கள் ஊதியம் கொடுத்துச் செய்விக்கும் வேலை.

இது எமக்குப் புதிதல்ல

மாணவர்கள் தமக்கும் தமக்குப் பின் வருபவர்களுக்கும் பாடத்தை உருவாக்குவது யாழ்ப்பாண மண்ணில் முன்னரே நடந்திருக்கின்றது. 1847ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனின் வைத்தியராக இங்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டார். உடற்கூற்றியல், பிரசவ வைத்தியம், சத்திர சிகிச்சை ஆகியவற்றுக்குத் தமிழில் நூல்கள் தேவைப்பட்டன. அவரிடம் பயின்ற மாணவர்களே மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தார்கள். கலைச்சொல் இல்லாத இடத்தில் சொல்லைத் தேடினார்கள். ஒரு துறையை எமது மொழியில் விளங்கவைக்கும் வேலையில் மாணவருக்குப் பங்குண்டு என்பதை அவர்கள் அன்றே காட்டிவிட்டார்கள்.

வைத்தியப் பாடத்துக்குப் படம் வரைவதையே ஒரு படிப்பாக்கியவர் மக்ஸ் புரொடெல் என்ற ஜேர்மனியர். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1911ஆம் ஆண்டு அவர் தலைமையில் அதற்கென ஒரு துறை தொடங்கியது. வரையப்போகும் விடயத்தை முதலில் முழுமையாக விளங்கிக்கொள்ள வேண்டும், அதன் பின்னரே பென்சிலை எடுக்க வேண்டும் என்பது அவர் மாணவர்களுக்குக் கற்பித்த அடிப்படை. பாடப்படம் அலங்காரம் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தொலைக்கல்வி வளர்ந்தபோது இவ்வேலையும் வளர்ந்தது. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் கற்பித்தலைத் தொடங்கி, பி.பி.சி.யோடு இணைந்து தொலைக்காட்சி, வானொலி வழியாகவும் பாடங்களை வழங்கியது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் உருவாகியது. 2001இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் பயிலும் வகையில் ஒலியும் படமும் சேர்ந்த தமிழ்ப் பாடங்களை இணையத்தில் தந்தது.

2020இல் கொரோனா வந்தபோது எல்லாப் பல்கலைக்கழகங்களும் திடீரெனத் தொலைக்கல்விக்குள் தள்ளப்பட்டன. 2021இல் போகிட்டியாவ என்ற கிராமத்தில் மாணவர்களும் ஆசிரியையும் சமிக்ஞை தேடிக் காட்டுவழியே பாறை ஏறிப் பாடம் நடத்திய செய்தியைப் பலரும் அறிவோம். சமிக்ஞையைத் தேடி அலைவது எப்படி என்று தீவகத்துப் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு படம் எப்படி உருவாகின்றது?

விரிவுரையாளர் பாடத்தை எழுதித் தருவார். மாணவ வடிவமைப்பாளர் முதலில் அதனை ஒரு கற்பவராகவே வாசிக்க வேண்டும். தனக்கு எங்கே தடக்குகின்றதோ அங்கே அடையாளம் இட வேண்டும். பெரும்பாலும் படம் தேவைப்படும் இடம் அதுதான். பின்னர் பென்சிலால் கோட்டுப்படம் வரைவார். விரிவுரையாளர் பிழை திருத்துவார். திருத்திய படத்தைப் பாடம் தெரியாத ஒருவரிடம் காட்டி “இதில் என்ன விளங்குது?” என்று கேட்பார். அதன் பின்னரே கணினியில் ஏற்றுவது. இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் அவசியமில்லை. இங்க்ஸ்கேப், கிம்ப், பிளெண்டர் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன.

இங்கேதான் எமது ஊரை அறிந்தவரின் தேவை வருகின்றது. சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

இரத்த ஓட்டப் படத்தில் ஒன்றைச் சிவப்பாலும் மற்றதை நீலத்தாலும் காட்டுவது வழக்கம். ஆனால் எமது பிள்ளைகள் பாடத்தைப் போட்டோக் கொப்பி எடுத்தே படிக்கின்றார்கள். அதில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். இதை அறிந்தவர் ஒன்றை முழுக் கோட்டாலும் மற்றதைப் புள்ளிக் கோட்டாலும் காட்டுவார்.

அதே படத்தைத் தமிழ்நாட்டு நூலிலிருந்து எடுத்தால் தமனி, சிரை என்று பெயர் இருக்கும். எமது மாணவி பாடசாலையில் நாடி, நாளம் என்று படித்தவள். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் பரீட்சைக்கு முதல்நாள் அவளைத் தடுமாறவைக்க அது போதும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த விளக்கம், அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யுனிகோட்டில் எழுதினால் இச்சிக்கல் இல்லை. நீண்ட காணொளி ஒன்றை இறக்கினால் ஒரு குடும்பத்தின் டேட்டா முழுவதும் அதிலேயே தீர்ந்துபோகும். நாலைந்து நிலைப்படங்களும் அவற்றோடு சிறிய ஒலிப்பதிவும் அதே பாடத்தைச் சொல்லிவிடும்.

இவை சிறிய விடயங்கள் போலத் தோன்றலாம். ஆனால் குழந்தையை நித்திரையாக்கிவிட்டு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் ஒரு தாய், படிப்பைத் தொடர்வதும் விடுவதும் இப்படியான சிறிய விடயங்களில்தான் தங்கியுள்ளது.

படத்தில் நாம் எப்படி இருக்கிறோம்?

நான் சமூகவியல் கற்றவள். போர் பற்றியும் இடப்பெயர்வு பற்றியும் பாடப் படங்கள் பலவற்றைப் பார்த்திருக்கின்றேன். அவற்றில் அநேகமாக ஒரு பெண் இருப்பாள். தலையில் கை வைத்தபடி நிலத்தில் அமர்ந்திருப்பாள். நாம் அழுதது உண்மை. ஆனால் அது மட்டுமா உண்மை? 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது பிள்ளையை இடுப்பிலும் பாடசாலைச் சான்றிதழ்களைப் பையிலும் சுமந்தவள் யார்? மீள்குடியேறியபோது பற்றையை வெட்டிக் கிணற்றை இறைத்தவள் யார்? காணாமற்போன மகனின் படத்தை ஏந்தி ஆண்டுக்கணக்காக வீதியில் நிற்பவள் யார்? அந்தப் பெண்ணும் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

குடும்பம் என்றால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றே வரையப்படுகின்றது. அப்பாவை இழந்த பிள்ளை அதில் தன் வீட்டைத் தேடினால் காணாது. அம்மம்மாவும் அம்மாவும் நடத்தும் வீட்டையும் ஒரு குடும்பமாக வரைவதற்கு மேலதிகச் செலவு எதுவுமில்லை. அப்படியும் குடும்பங்கள் இருக்கின்றன என்று அறிந்த ஒரு கை வேண்டும்.

எறிகணையில் பார்வை இழந்தோரும் செவிப்புலன் இழந்தோரும் எம்மிடையே கல்வி கற்கின்றார்கள். காணொளியின் கீழே எழுத்து வடிவம் சேர்ப்பதும், படத்தில் இருப்பதைச் சொல்லால் விபரித்து ஒலிப்பதிவு செய்வதும் வடிவமைப்பாளரின் வேலையில் அடங்கும். காயங்களையும் வெடிப்புகளையும் காட்டும் படம் அவசியமானால், முதல் பக்கத்திலேயே அதை அறிவித்துவிட வேண்டும். எதிர்பாராமல் அப்படியொரு படத்தைக் கண்டால் எமது பெண்களுக்கு என்ன நேரும் என்பதை எம்மைவிட அறிந்தவர் இல்லை.

எமது பிள்ளைகளுக்குள்ள வழிகள்

சித்திரத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு வீட்டுக்கு அண்மையிலேயே பட்டப்படிப்பு உண்டு. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இயங்கிப் பின்னர் பீடமாகத் தரமுயர்ந்த, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியில் சித்திரமும் வடிவமைப்பும் கற்பிக்கப்படுகின்றது. மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புல, தொழில்நுட்பக் கலைகளைக் கற்கலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு உளச்சார்புப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்கள் மனம் தளரத் தேவையில்லை. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் தரும் கணினி வரைகலைப் பயிற்சிகளும் உள்ளன. பல்கலைக்கழகம் செல்வோரில் வசதி குறைந்தவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசிலும், அது கிடைக்காதவர்களுக்கு உதவுதொகையும் உண்டு. அனுமதிக் கையேட்டை ஊர் நூலகத்திலோ பாடசாலையிலோ கேட்டு, பிள்ளையோடு சேர்ந்திருந்து வாசியுங்கள்.

நெடுந்தீவுத் தாயிடமும் இவற்றையே சொன்னேன். வேலை நிச்சயம் என்று சொல்லவில்லை. அப்படி யாரும் சொல்லவும் முடியாது. பாடநூல், சுகாதாரக் கையேடு, இணையவழிப் பாடம், அச்சகம், பாடசாலை ஆசிரியம் என இக்கலைக்குப் பல வாசல்கள் உண்டு என்றேன். அவர் சம்பளத்தைப் பற்றி மேலும் கேட்கவில்லை. “ஒரு பிள்ளையை அனுப்பிப்போட்டு இன்னும் வழி பாத்துக்கொண்டிருக்கிறன், மிஸ். இவளையும் எப்பிடி விடுறது?” என்றார். சோறு பற்றிய கேள்விக்குப் பின்னால் இருந்தது இதுதான். இதற்குக் கையேட்டில் பதில் இல்லை. விடுதி எங்கே, யாரோடு தங்குவாள், வார இறுதியில் படகு தவறினால் யார் வீட்டில் நிற்பாள் என்று ஒவ்வொன்றாக இருந்து பேசினோம். முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. முடிவு எடுக்க வேண்டியவர்கள் அவர்கள் இருவருமே. எமது பணி, அச்சத்தை ஏளனம் செய்யாமல் வழியைக் காட்டுவது.

தாய்மாரே, கொப்பியின் பின்பக்கத்தில் உங்கள் பிள்ளை கீறியிருப்பதைக் கிழித்தெறிய முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். தொலைக்கல்வி மூலம் கற்கும் சகோதரிகளே, ஒரு படம் விளங்கவில்லை என்றால் உங்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். எது விளங்கவில்லை என்று இரண்டு வரி எழுதி உங்கள் நிலையத்தில் கொடுங்கள். பாடத்துக்குப் படம் வரையும் அந்த மாணவிக்கு உங்களது இரண்டு வரியைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை.