சாம்பலைப் பிடிக்கும் சீப்பு

கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் அத்திப்பட்டைத் தாண்டும்போது வலப்புறம் வானைத் தொடும் புகைபோக்கிகள் தெரியும். வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள். நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் 100 கிலோவுக்கு 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி மாவைவிட நைஸான தூசாகப் புகையோடு கிளம்பிவிடும். ஆனாலும் மேலே வரும் புகை அவ்வளவு கறுப்பாக இல்லை. நடுவில் ஒரு சீப்பு வேலை பார்க்கிறது.

தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதைப் பார்க்காதவர் உண்டா? உரசலில் முடியிலிருந்த எலக்ட்ரான்கள் சீப்புக்குத் தாவுகின்றன. சீப்புக்கு எதிர் மின்னேற்றம், முடிக்கு நேர் மின்னேற்றம். புதிதாக எதுவும் பிறக்கவில்லை, இடம் மாறியதோடு சரி. எண்ணூர்ப் பக்கத்துக் கடற்காற்றில் இந்த வித்தை பெரும்பாலும் சொதப்பும். ஈரம் படிந்த பரப்பு வழியே மின்னேற்றம் கசிந்துவிடும். இந்தக் கசிவு பிறகு வரும்.

மின் நிலையத்துச் சீப்பை நிலைமின் வீழ்படிவாக்கி என்று சொல்லிப் பல்லை உடைத்துக்கொள்ளலாம். அங்கே வேலை செய்பவர்களுக்கு அது ஈ.எஸ்.பி. அமெரிக்க வேதியியலாளர் பிரெடரிக் காட்ரெல் 1908இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீடளவு பெட்டிக்குள் வரிசையாக எஃகுத் தகடுகள், நடுநடுவே மெல்லிய கம்பிகள். கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட் எதிர்மின் அழுத்தம். சுற்றியுள்ள வாயு அயனியாகி, கடந்துபோகும் சாம்பல் துகள்மேல் எதிர் மின்னேற்றத்தை ஏற்றிவிடுகிறது. துகள், தரையிணைப்புள்ள தகட்டில் போய் அப்பிக்கொள்கிறது. அவ்வப்போது சுத்தியல் தட்ட, சாம்பல் பொலபொலவென்று கீழே ஹாப்பரில் விழும். நன்றாக ஓடினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் சிக்கிவிடும்.

நன்றாக ஓடினால்தான். தகட்டைத் தொட்ட சாம்பல் தன் மின்னேற்றத்தைக் கசியவிட வேண்டும். கந்தகம் மிகுந்த நிலக்கரி என்றால், துகள்மேல் படியும் மெல்லிய அமில ஈரம் அதற்கு வழிவிடும். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு. காற்றுக்கு நல்லது, ஈ.எஸ்.பி.க்குத் தலைவலி. கசியாத மின்னேற்றம் படலமாகச் சேர்ந்து அடுத்து வரும் துகளை விரட்டும். முற்றினால் படலத்துக்குள்ளேயே பொறி கிளம்பி, பிடித்த தூசு மறுபடி பறக்கும். சீப்பைக் கெடுக்கும் ஈரம், இங்கே இல்லையே என்ற ஏக்கம்! அதனால் நம் ஊர் ஈ.எஸ்.பி.க்கள் பெரிதாகவே கட்டப்படுகின்றன. சில மின் நிலையங்களில் புகையில் அம்மோனியாவும் கலக்கிறார்கள்.

சிக்கிய சாம்பலில் ஒரு பங்கு சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. வடசென்னை நிலையத்தில் மிச்சம், தண்ணீரில் கரைத்த குழம்பாகக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு. அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.