வயிற்றுவலியும் செரோட்டோனின் ஏற்பிகளும்

திருவனந்தபுரத்துப் பழவங்காடி போன்ற கடைத்தெருக்களில், மருத்துவரின் சீட்டு இன்றியே வயிற்றுவலிக்கு மாத்திரை கேட்போர் உளர். வலி ஒன்றாகத் தோன்றினும் அதன் காரணம் ஒன்றன்று.

உடலிலுள்ள செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. உணவு குடற்சுவரை அழுத்தும்போது அங்குள்ள சிலவகை உயிரணுக்கள் இதனை வெளிவிடுகின்றன. நரம்பு முனைகளிலுள்ள ஏற்பிகள் இதனை ஏற்றுச் செயற்படுகின்றன. மூன்றாம் வகை ஏற்பி வலியுணர்வை மூளைக்குச் செலுத்த உதவுகிறது. நான்காம் வகை குடல் அசைவைத் தூண்டுகிறது.

எனவே, குடல் எரிச்சல் நோயில் வயிற்றுப்போக்குடன் வலியுற்றோருக்கு மூன்றாம் வகையைத் தடுக்கும் அலோசெட்ரானும், மலச்சிக்கலுடன் வலியுற்றோருக்கு நான்காம் வகையைத் தூண்டும் டெகாசெராடும் பயன்பட்டன. ஆயின் தீங்கும் உடன் வந்தது. அமெரிக்காவில் 2000 பிப்ரவரியில் அனுமதி பெற்ற அலோசெட்ரான், குடலில் இரத்த ஓட்டம் குன்றியமையாலும் கடும் மலச்சிக்கலாலும் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. வேறு மருந்தால் குணம் காணாத நோயாளிகள் கோரியதால், 2002-இல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வந்தது. டெகாசெராடின் விற்பனை, மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய அச்சத்தால் 2007-இல் அங்கு நிறுத்தப்பட்டது. இந்திய அரசு 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின்கீழ் 2011 மார்ச்சில் அதனைத் தடை செய்தது.

ஒருவருக்கு நிவாரணம் தரும் மருந்து மற்றொருவருக்கு ஆபத்தாகலாம். ஆதலின், ஏற்பியை அறிதல் மட்டும் போதாது. நோயாளியையும் அறிதல் வேண்டும். மருத்துவரின் சீட்டு வெறும் சடங்கன்று, அதுவே பாதுகாப்பு.