எல் கசடோர் டே லா ப்ரூஹா: காவலுக்கு வந்தவ யாரு?

இன்னைக்கு 2007-ல வந்த, 26 எபிசோட் அனிமே ஒண்ணு. 'நுவார்', 'மேட்லாக்ஸ்' எடுத்த அதே பீ ட்ரெயின் ஸ்டூடியோ, அதே இயக்குநர் கோயிச்சி மஷிமோ, இசை யூகி கஜியுரா.

ஒரு விஞ்ஞானியைக் கொன்னதா எல்லிஸ் தலைக்கு விலை வெச்சிருக்காங்க. அவளுக்கோ பழசு எதுவும் சரியா ஞாபகம் இல்லை. பரிசுப் பணத்துக்காக ஆள் பிடிக்கிற நாடி, அவளை ஒப்படைக்காம கூடவே தெற்கு நோக்கிக் கிளம்புறா.

துப்பாக்கிச் சண்டைக்கு வெஸ்டர்ன், பயணத்துக்கு ரோடு மூவி, சூனியக்காரிக்கு ஃபேன்டஸி, பின்னணி ஆராய்ச்சிக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன். இத்தனையும் எப்படி ஒட்டுது? எல்லாத்துக்கும் அடியில ஒரே கேள்வி: இவளை நம்பலாமா? நாடி காட்டுறது பாசமா, இல்ல வேலையா? ஸ்பானிஷ்ல அந்தப் பேருக்கு 'யாருமில்லை'ன்னு அர்த்தம். அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தா, அவ எல்லிஸைக் காப்பாத்துறாளா, எல்லிஸால தன்னைக் கண்டுபிடிக்கிறாளான்னு தோணும்.

குறை? நடுவுல வேகம் ரொம்பக் குறையும், சில எபிசோட் கதையை நகர்த்தாது. ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பழகுறது அங்கதான். ஸ்கிப் பண்ணா, கடைசியில நாடி எடுக்கிற முடிவு உங்களைத் தொடாது. பொறுமையா பாருங்க!