ஒரு துளி இரத்தம் சொல்லும் சேதி

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

சளி, ஜுரம் என்று போனால் டாக்டர், “ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வா” என்கிறார். “இதுக்கு எதுக்குப்பா வீண் செலவு?” என்பார்கள் நம் வீட்டில். அந்த லேப் சீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? பார்ப்போமா!

2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஓமனிலிருந்து திரும்பிய அவர், நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர். 2021 மே மாதம் இரண்டாம் அலையில், தொழிலாளர்கள் பாதுகாப்புக் கேட்டதால் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஒரகடம் ரெனோ-நிசான் ஆலைகளே சில நாள் நின்றன. பலருக்கு ஜுரத்தோடு போயிற்று. சிலருக்கோ ஒரு வாரம் கழித்து மூச்சு முட்டியது. யாருக்கு நோய் முற்றும் என்று முன்கூட்டியே ஊகிக்க உதவியவை சாதாரண ரத்தப் பரிசோதனைகள்தான்.

முதலாவது, வெள்ளணுக்களின் வகைக் கணக்கு. சீட்டில் ‘டி.சி.’ என்று போட்டிருக்கும். நியூட்ரோபில் 60 சதவீதம், லிம்போசைட் 30 சதவீதம் என்றால் விகிதம் 2. நோய் முற்றும்போது முன்னது கூடும், பின்னது குறையும். 80-க்கு 10 என்றால் விகிதம் 8 ஆகிவிடும்! 2020-ல் பெய்ஜிங் டிடான் மருத்துவமனை ஆய்வில், வயது 50-ஐயும் விகிதம் 3.13-ஐயும் எட்டியவர்களுக்கு ஆபத்து அதிகம் எனக் கண்டார்கள்.

இரண்டாவது, சி.ஆர்.பி. உடலில் அழற்சி வந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம் இது. 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் டில்லெட், பிரான்சிஸ் இருவரும் கண்டறிந்தது. 2021-ல் இங்கிலாந்தின் ‘ரெக்கவரி’ ஆய்வில், ஆக்ஸிஜன் குறைந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு டாசிலிசுமாப் மருந்து கொடுத்தபோது இறப்பு குறைந்தது. ஆக, யாருக்கு எந்த மருந்து என்று பிரிக்கவும் இந்த எண் உதவுகிறது.

ஆனால் இது நம் ஒர்க்ஷாப்பின் ‘கோ, நோ-கோ’ கேஜ் அல்ல. பாக்டீரியா தொற்றிலும் இந்த எண்கள் ஏறும். ஸ்டீராய்டு மாத்திரை போட்டாலும் நியூட்ரோபில் கூடும். கன்ட்ரோல் சார்ட் மாதிரி, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் சேர்த்துக் காட்டுங்கள். விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனால், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொன்று: மெடிக்கல் ஷாப்பில் நாமாக ஸ்டீராய்டு கேட்டு வாங்கக் கூடாது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்று அதே ஆய்வு 2020-லேயே சொல்லிவிட்டது.

வீட்டில் அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவராகவே இருக்கலாம். படித்த படிப்பு அதற்கும் உதவட்டுமே!