அடிக்கட்டையில் துளிர்க்கும் தழையெரு

நஞ்செய்க்குத் தழையெரு இடும்படி மணவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் யான் சொல்லும்போதெல்லாம், "தழைக்கு மரம் எங்கே ஐயா?" என்று குடியானவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. நெல் வயலுக்கு ஏக்கர் ஒன்றுக்கு 2½ டன் தழை மிதிக்க வேண்டும். வரப்பிலிருந்த புங்கோ விறகாய்ப் போயிற்று.

இக்குறை புதிதன்று. விறகில்லாத ஊரில் சாணம் அடுப்புக்குப் போய் நிலம் பட்டினி கிடப்பதைக் கண்ட டாக்டர் வோயல்கர், சாகுபடி நிலங்களுக்கருகே விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்கும்படி 1893-ஆம் வருஷத்து அறிக்கையில் எழுதினார். நமது இராஜ்யத்தில் 1981 முதல் ஸ்வீடன் தேசத்து உதவியுடன் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் நடந்து, ஏரி உட்புறங்களில் கருவேல் வைக்கப்பட்டது. விறகு கிடைத்தது, ஆடுகளுக்கு நெற்று கிடைத்தது, பஞ்சாயத்துக்கு ஏலத்தில் பங்கும் கிடைத்தது. ஆனால் யான் கண்ட சில ஏரிகளில் ஏலத்துக்குப் பின் கவனிப்பாரின்றிச் சீமைக்கருவேல் மண்டிவிட்டது.

ஆப்பிரிக்காவில் நைஜர் என்னும் வறண்ட தேசத்தின் வரலாறு இங்கே பயன்படும். அங்கு மரங்கள் சர்க்காருக்கே சொந்தமென்று சட்டமிருந்தபடியால் அவற்றைக் காக்கக் குடியானவர்களுக்கு மனமில்லை. நட்ட கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. 1983-இல் மராடி ஜில்லாவில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், வயலில் புதர்போல் தோன்றியவை உயிருள்ள அடிக்கட்டைகளின் துளிர்களே என்று கண்டார். ஒவ்வொரு கட்டையிலும் நேரான சில துளிர்களை நிறுத்தி, மற்றவற்றைக் கழிக்கக் கற்பித்தார். அதிகாரிகளும் சட்டத்தைத் தளர்த்தினர். பிற்பாடு சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் தழைத்து, வருஷந்தோறும் 5 லட்சம் டன் தானியம் அதிகம் விளைவதாக ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர்.

கன்றுக்குச் செலவில்லை, கிணற்று நீரும் வேண்டியதில்லை. நம் வரப்புகளிலும் புங்கு, வேம்பு இவற்றின் கட்டைகள் துளிர்க்கின்றன. நாமே அவற்றை அரிவாளால் சீவிவிடுகிறோம். கட்டைக்கு நான்கைந்து துளிர் நிறுத்தி, பாதி உயரம்வரை பக்கக் கிளைகளைக் கழித்தால் போதும். நிழலால் வேர்க்கடலை கெடும் என்பர். அது மெய்யே, ஆதலால் விதைப்புக்கு முன் கிளை கழித்துத் தழையை வயலுக்குத் தள்ளவேண்டும்.

சீமைக்கருவேலை மட்டும் வேரோடு பெயர்க்கவேண்டும். அடிக்கட்டையின் வலிமையை நமக்குக் காட்டியதே அச்சனியன்தான்!

ஏரி உட்புறத்தில் எந்தத் தெருவார் எந்தப் பகுதியைக் காப்பது, தழையும் விறகும் எவருக்கு எவ்வளவு என்பவற்றைக் கிராம அதிகாரிகள் வெட்டு தொடங்குமுன் கிராம சபையில் எழுதி வைத்தல் நலம். முதல் இரண்டு வருஷம் ஆடு மேய்ப்போரையும் அப்பேச்சில் சேர்த்துக்கொள்ளவேண்டும். அவர்களை விலக்கிய இடத்தில் துளிர் நின்று யான் பார்த்ததில்லை.