பெயர் தெரியாத போதைப்பொருள்... காட்டிக்கொடுக்கும் வெளிச்சம்! ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

2016 ஜூலை 12. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 33 பேர் பாதிக்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. தெருவிலேயே நிலைகுத்திய பார்வையோடு, கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் நின்றவர்களை ‘ஸோம்பி’ என்றன ஊடகங்கள். காரணம், ‘ஏஎம்பி-ஃபுபினாகா’ என்ற செயற்கை ரசாயனம். இந்த வகைப் பொருட்களைக் காய்ந்த இலைகளில் தெளித்து விற்பார்கள்.

கஞ்சாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நம் மூளை செல்களில் சிபி1 என்ற ஏற்பி இருக்கிறது. கஞ்சாவின் டிஎச்சி அதில் போய் ஒட்டுவதால்தான் போதை ஏறுகிறது. ஃபேன் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டிஎச்சி அதை 2-ல் வைக்கிறது என்றால், பல செயற்கைப் பொருட்கள் நேராக 5-க்குத் திருப்பிவிடுகின்றன. வலிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, ஏன்... மரணம்கூட நேரலாம்.

சாதாரண டெஸ்ட்டில் சிக்காதா?

பெரும்பாலும் சிக்காது. கஞ்சாவுக்கான சிறுநீர்ப் பரிசோதனை தேடுவது டிஎச்சி-யின் தடயத்தை. செயற்கைப் பொருட்களின் வடிவமே வேறு. நிறைநிறமாலை கருவி கண்டுபிடிக்கும்தான். ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த மூலக்கூறின் விவரம் ஏற்கெனவே கைவசம் இருக்க வேண்டும். ஒன்றைத் தடை செய்தால், ஓரிரு அணுக்களை மாற்றி அடுத்தது சந்தைக்கு வந்துவிடுகிறது.

அப்படியென்றால் என்ன வழி?

‘இது என்ன?’ என்று கேட்பதற்குப் பதில், ‘இது என்ன செய்யும்?’ என்று கேட்பது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இப்படியொரு சோதனையை வெளியிட்டார்கள். ஒளி தரும் ஒரு நொதியை இரண்டு துண்டாக்கி, ஒன்றை சிபி1 ஏற்பியிலும், மற்றதை ‘பீட்டா-அரெஸ்டின்’ என்ற புரதத்திலும் இணைத்தார்கள். ஏற்பி தூண்டப்பட்டால் அந்தப் புரதம் அதை நோக்கி ஓடிவரும். துண்டுகள் சேரும், வெளிச்சம் வரும். சிறுநீர், ரத்த மாதிரிகளிலும் இப்படிச் சோதிக்கலாம்.

இது போதுமா?

போதாது. வெளிச்சம் வந்தால் ஏற்பியைத் தூண்டும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அது எந்தப் பொருள் என்று உறுதிசெய்ய நிறைநிறமாலை வேண்டும். அளவு மிகக் குறைவாக இருந்தால் வெளிச்சம் வராமலும் போகலாம். ஏற்பியைத் தூண்டுகிறது என்பதை வைத்து, உடலில் எவ்வளவு கேடு செய்யும் என்று முழுதாகச் சொல்லிவிடவும் முடியாது.

ஆனாலும், பட்டியலில் இல்லாத புதுச்சரக்கை முதலில் மோப்பம் பிடிக்க இது உதவும். 2021 ஜூலையில் சீனா செயற்கை கன்னாபினாய்டுகளை ஒரு வகையாகவே தடை செய்தது. அதற்குப் பிறகும் அந்த வரையறைக்குள் வராத புது வடிவங்கள் முளைத்தன. பெயர் மாறினாலும் அவை தட்டுவது அதே சிபி1 கதவைத்தான்!