ரீச்சரின் பிரசவ லீவும் எங்கள் பிள்ளைகளின் ஆங்கிலமும்

மீளக் குடியமர்ந்த கிராமங்களுக்கும், சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாத குடும்பங்கள் வாழும் இடங்களுக்கும் நாம் போய்வரும்போது ஒரு முறைப்பாட்டை அடிக்கடி கேட்கின்றோம். "எத்தனையோ வருசத்துக்குப் பிறகு இங்கிலிஷுக்கு ஒரு ரீச்சர் வந்தா. இப்ப அவவுக்கு வயித்திலை பிள்ளை. லீவிலை போயிடுவா. எங்கடை பிள்ளையளின்ரை சோதனை என்ன ஆகிறது?"

இந்தக் கவலையை நாம் இலேசாக எண்ணவில்லை. காணியையும் கிணற்றையும் மாடுகளையும் விட்டுவந்த மக்கள் தம்மோடு எடுத்துவந்த ஒரே முதுசம் பிள்ளைகளின் படிப்புத்தான். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2009இல் மெனிக்பாம் முகாமில் அடைபட்டிருந்தபோதும் மரநிழலிலும் கொட்டில்களிலும் படிப்புத் தொடர்ந்தது. அதிலும் ஆங்கிலம் எமது நாட்டின் அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட இணைப்பு மொழி. மூன்றாம் ஆண்டு தொடக்கம் அது பாடமாக இருந்தும், கற்பிக்க ஆளில்லாமல் சாதாரண தரம் வரை வந்துவிடும் பிள்ளைகள் பின்தங்கிய கிராமங்களிலேயே அதிகம்.

ஆனால் கவலை நியாயமானது என்பதற்காக, கோபம் ஒரு கர்ப்பிணித் தாயின்மேல் திரும்புவது நியாயமாகாது. அந்த ரீச்சரின் ஒரு நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

காலையில் குண்டும் குழியுமான வீதியில் பஸ் பயணம். பின்னர் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பாடத்துக்குப் பாடம் நிற்க வேண்டும். மொழிப்பாடம் என்பது வாயால் நடக்கும் பாடம். ஒரு சொல்லைப் பத்துத் தடவை உரத்துச் சொல்லிக் கொடுத்தால்தான் பிள்ளையின் நாக்கு அதற்குப் பழகும். கடைசி மாதங்களில் வளரும் கருப்பை மேல்நோக்கி அழுத்துவதால் தாய்க்கு மூச்சு வாங்கும்; கால் வீங்கும்; அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டி வரும். பாடசாலையின் மலசலகூடம் தூரத்தில் இருந்தால், அல்லது அதில் தண்ணீர் இல்லாவிட்டால், தாய் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கிறாள். அதனால் சிறுநீர்த் தொற்று ஏற்படலாம். இது தாயையும் பாதிக்கும், குழந்தையையும் பாதிக்கும்.

லீவு என்பது எவரும் அவருக்குச் செய்யும் தயவு அல்ல. அரச சேவையிலுள்ள தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ லீவு உண்டு. சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாட்கள் இதில் சேரா. ஆகவே அது ஏறத்தாழ நான்கு மாதங்களாகும். தேவையானால் அதன்பின் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், மேலும் 84 நாட்கள் சம்பளமின்றியும் எடுக்கலாம். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்குமாறு குடும்பநல உத்தியோகத்தர் எமது பெண்களுக்குச் சொல்கிறார். அதே அறிவுரை ரீச்சருக்குப் பொருந்தாதா?

இங்கே வேறொரு வேதனையையும் சொல்ல வேண்டும். எமது கிராமங்களில் தொண்டர் ஆசிரியைகளாகவும் முன்பள்ளி ஆசிரியைகளாகவும் பணியாற்றும் பெண்கள் பலருக்கு இந்த லீவும் இல்லை, சம்பளமும் இல்லை. பிள்ளை பெற்றுச் சில வாரங்களிலேயே வகுப்புக்குத் திரும்புவோரும் உண்டு. கொடுக்கும் சிறு உதவித்தொகையை அம்மாதங்களிலும் நிறுத்தாமல் கொடுப்பது கிராமத்தின் கடமை.

ஒரு கிராமத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் நாமும் இருந்தோம். ரீச்சரை மாற்றும்படி கேட்போம் என்று ஒருவர் சொன்னார். அப்போது பின்னாலிருந்த ஒரு தாய் எழுந்து, "காலபோகத்திலை ஒருத்தி பிள்ளைப்பெத்துக் கிடந்தா அவளின்ரை வயலை நாங்கள் எல்லாரும் இறங்கிச் செய்யிறேல்லையோ? இதுவும் ஒரு வயல்தானே" என்றார். சபை அமைதியாயிற்று. அதன்பின் பேச்சு வேறு திசையில் போயிற்று.

அவர்கள் செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. வகுப்பில் ரீச்சருக்குச் சாய்மானமுள்ள கதிரை ஒன்றும் மூடிய தண்ணீர்ப் பானையும் வைத்தார்கள். மலசலகூடத்துக்குத் தண்ணீர் நிரப்புவதைப் பெற்றோர் முறை வைத்துப் பொறுப்பேற்றார்கள். லீவு தொடங்கும் திகதியை அதிபர் முன்கூட்டியே அறிந்து, வலயக் கல்விப் பணிமனைக்குப் பதில் ஆசிரியர் கேட்டு எழுதினார். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் எழுதியது.

ரீச்சரும் தம் பங்குக்கு வகுப்பை மாற்றி அமைத்தார். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு தலைவராகக் குழுக்கள் அமைந்தன. சொல்வதெழுதுதலைத் தலைவரே வாசித்தார். கொப்பிகளை மாற்றித் திருத்தினார்கள். சந்தையில் பேசுவது, வைத்தியசாலையில் பேசுவது என இருவர் இருவராகப் பேசிப் பழகினார்கள். ரீச்சர் கதிரையிலிருந்தபடியே பிழை திருத்தினார். அவர் லீவில் போனபின் உயர்தரம் படிக்கும் இரு மாணவியர் மாலையில் வந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்தார்கள். பதில் ஆசிரியர் வரத் தாமதித்தார். ஆயினும் கொப்பிகள் வெறுமையாய்க் கிடக்கவில்லை. முன்பு வாய் திறக்கக் கூசிய பிள்ளைகள் தாமாகவே வாசிக்கக் கற்றுக் கொண்டார்கள். ஒரே ஆளின் குரலில் தங்கியிருந்த பாடம் பல குரல்களில் வேரூன்றியது.

பெற்றோர் மனதில் கொள்ள வேண்டிய சில விடயங்கள்:

பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்தால், கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரை பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். கர்ப்பிணிக்கு அது ஆபத்தாக முடியலாம்.

கிளினிக் நாளில் ரீச்சர் வராவிட்டால் குறை பேசாதீர்கள். அது அவர் கட்டாயம் போக வேண்டிய இடம்.

கடுமையான தலையிடி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், இரத்தம் படுதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் தாமதியாது வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். இவ்விலக்கத்தை வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள். இது ரீச்சருக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் உதவும்.

லூக்கா நற்செய்தியிலே, முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தம்மாளைத் தேடி மரியன்னை மலைநாட்டுக்கு விரைந்து சென்றதையும், ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கியதையும் வாசிக்கின்றோம். கருவுற்ற தாயின் வாசலுக்கு உதவி தானாக நடந்து போயிற்று. எமது ஊர்ப் பாடசாலையின் வாசலும் அத்தகைய வாசலாகட்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "ரீச்சர் எப்ப லீவிலை போறா?" என்று கேட்பதோடு நில்லாது, "அதுக்கு முதல் நாங்கள் என்ன செய்ய வேணும்?" என்றும் கேளுங்கள்.